கடை பில்லிங் மென்பொருளில் இலவச ட்ரையல் லைசென்ஸ்: எத்தனை நாள், எங்கே பூட்டுவது, எது உடையும்

ட்ரையல் லைசென்ஸ் எழுத உட்காரும்போது மனதில் முதலில் வந்து நிற்பவன் கிராக் போடுகிறவன், அதாவது பூட்டை உடைத்துப் பணம் கட்டாமல் பயன்படுத்துகிறவன். அவன் எப்படியும் வாங்கப் போவதில்லை. வாங்கப் போகிறவர் வேறு ஆள்: கடிகாரத்தை ஓட்டும் சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்துபோய் தேதி தாறுமாறாகக் காட்டும் பழைய கம்ப்யூட்டரில், எதிரே நாலு பேர் வரிசையில் நிற்க, பில் போட்டுக்கொண்டிருப்பவர். அவர் திரையில் "லைசென்ஸ் செல்லாது" என்று வந்தால் விற்பனை அங்கேயே முடிந்தது. கீழே உள்ள அமைப்பு அவரை மனதில் வைத்து எழுதியது. சந்தேகம் என்று வந்தால் முடிவு பயனர் பக்கம் சாயவேண்டும்; அந்த ஒரு விதியை வைத்தே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கலாம்.

எடுத்துக்காட்டு: விண்டோஸில் ஓடும், டாட்நெட் 8-இல் (மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளம்) எழுதிய ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள். இன்டர்நெட் சில கடைகளில் இருக்கும், சிலவற்றில் எப்போதாவது மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக வரும். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக விற்கும் செயலிகளுக்கு இதில் பெரும்பகுதி தேவையில்லை. சந்தாவோடு இலவச நாட்களைச் சேர்க்கும் வசதி அந்த ஸ்டோர்களிலேயே உண்டு.

நாட்களின் எண்ணிக்கை

வழக்கம் என்பதற்காக 30 நாள் போடாதீர்கள். பில்லிங் மென்பொருளின் உண்மையான சோதனை முதல் பில்லில் இல்லை, முதல் ரிட்டர்னில் இருக்கிறது. மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் அடுத்த மாதம் 11-ஆம் தேதி. ஒருவர் மாதத்தின் 1-ஆம் தேதி தொடங்கினால் அந்த மாதக் கணக்கின் கடைசி நாள் அவருக்கு 39 முதல் 42-ஆம் நாளுக்குள் வரும். 30 நாள் ட்ரையலில் அவர் ரிட்டர்ன் எடுத்துப் பார்க்கும் முன்பே புதிய பில்லுக்கான கதவு மூடிவிடும். 45 நாள் கொடுத்தால் எந்தத் தேதியில் தொடங்கினாலும் ஒரு ரிட்டர்னாவது உள்ளே வரும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு இதுவும் போதாது. அவர்களுக்காக ஒரு நீட்டிப்பு வழி வையுங்கள். எல்லோருக்கும் 120 நாள் கொடுக்க வேண்டியதில்லை.

ட்ரையல் தொடங்கும்போதே கார்டு எண் கேட்கும் பழக்கம் வெளிநாட்டு சந்தா மென்பொருட்களில் உண்டு. இந்தியாவில் விற்கிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. இலவசச் சந்தாவுக்குப் பணம் செலுத்தும் விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பது, சந்தாப் பொறி என்ற தலைப்பில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரரும் கார்டு எண்ணைத் தரமாட்டார். மொபைல் எண் போதும்.

லைசென்ஸ் கோப்பு எப்படி இருக்கவேண்டும்

ட்ரையலுக்கு ஒரு எக்ஸி (நிரல் கோப்பு), விலைக்கு வாங்கியவருக்கு வேறு எக்ஸி என்று பிரிக்காதீர்கள். ஒரே நிரல், ஒரே கோப்பு அமைப்பு. உள்ளே வகை என்ற புலம் மட்டும் மாறும். வாங்கியவர் எதையும் மறுபடி இன்ஸ்டால் செய்யக்கூடாது.

கோப்புக்குள் இருக்கவேண்டியவை: அமைப்பின் பதிப்பு எண், தயாரிப்பின் குறியீடு, வகை, திறந்திருக்கும் வசதிகளின் பட்டியல், கணினியின் அடையாள ஹேஷ்கள் (ஒரு மதிப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், அசலைத் திரும்பக் காட்டாத குறிகள்), வழங்கிய நேரம், முடியும் நேரம், எந்தச் சாவியால் கையொப்பமிட்டது என்ற சாவி எண். கடைசிப் புலத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். பின்னால் சாவியை மாற்றவேண்டி வந்தால் அது இல்லாமல் பழைய கோப்பு எது, புதியது எது என்று நிரலுக்குத் தெரியாது. முதல் வெளியீட்டிலேயே இரண்டு பொதுச் சாவிகளை (கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் உதவுபவை) நிரலுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டாவதன் தனிச் சாவி (கையொப்பமிடும் ரகசியச் சாவி) இணைப்பே இல்லாத பென்டிரைவில் பூட்டி இருக்கட்டும். முதலாவது கசிந்தால் அன்றுதான் வெளியே வரவேண்டும்.

கையொப்பம் கட்டாயம் பொதுச் சாவி முறையில் இருக்கவேண்டும். ஏஇஎஸ், ஹெச்மேக் போன்ற ஒற்றைச் சாவி முறைகளில், சரிபார்க்கும் சாவியே உருவாக்கும் சாவி. அது உங்கள் எக்ஸிக்குள் கிடக்கும். எக்ஸியை மறுபடி குறிமுறையாகக் காட்டும் ஐஎல்ஸ்பை போன்ற கருவியில் திறந்தால் பத்து நிமிடத்தில் கண்ணில் படும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் அச்சடிக்கலாம். டாட்நெட்டில் ஈசிடிஎஸ்ஏ என்ற பொதுச் சாவிக் கையொப்ப முறை, அதற்கான பி-256 வளைவு, ஷா-256 ஹேஷ் ஆகியவை உள்ளேயே வருகின்றன, வெளி நூலகம் வேண்டாம்.

இங்கே இரண்டு இடங்களில் கை சுடும். ஒன்று, கையொப்பத்தின் வடிவம். டாட்நெட் இயல்பாக எதிர்பார்ப்பது 64 பைட் கொண்ட நேரடி வடிவம். சர்வரில் பைத்தானோ ஜாவாவோ இருந்தால் அவை இயல்பாகத் தருவது டெர் வடிவம், அதாவது அதே எண்களை நீளக் குறிப்புகளோடு சுற்றியது. நீளம் பெரும்பாலும் 70 முதல் 72 பைட். சாவி சரி, தகவல் சரி, ஆனாலும் சரிபார்ப்பு தோற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, பொய் என்று மட்டும் திரும்பும். டாட்நெட் 5 முதல் சரிபார்க்கும் செயற்கூறுக்கு வடிவத்தைச் சொல்லும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு, ஜேசனை (லைசென்ஸ் புலங்களை எழுதும் உரை வடிவம்) பிரித்து, மறுபடி சேர்த்து, அதன்மேல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது. புலங்களின் வரிசை மாறினாலோ ஒரு இடைவெளி கூடினாலோ, தமிழ்க் கடைப் பெயர் யுனிகோட் எண் குறியீடுகளாக (எஸ்கேப்) மாறினாலோ கையொப்பம் உடையும். வந்த பைட்டுகளை அப்படியே பேஸ்64-ஆக (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறை) ஒரு பகுதி, புள்ளி, கையொப்பம் ஒரு பகுதி என்று வைத்து, முதலில் பைட்டுகளைச் சரிபார்த்த பிறகே ஜேசனைத் திறங்கள்.

தேதிகளை உரையாகச் சேமிக்கவேண்டாம். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் யூனிக்ஸ் விநாடி எண்ணாக, அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகளாக, வையுங்கள். உங்கள் கணினி அமெரிக்க அமைப்பிலும் கடைக் கணினி இந்திய அமைப்பிலும் இருந்தால் 05/03 என்பது ஓரிடத்தில் மே 3, இன்னோரிடத்தில் மார்ச் 5. மாதத்தின் 12-ஆம் தேதி வரை இந்தப் பிழை சத்தமே போடாது, 13-ஆம் தேதிதான் வெடிக்கும்.

முடியும் நேரத்தை நாள் இறுதிக்குத் தள்ளுங்கள். பிற்பகல் 2:37-க்கு இன்ஸ்டால் செய்தார் என்பதற்காக 45-ஆம் நாள் பிற்பகல் 2:37-க்கு மூடுவது அபத்தம். இந்திய நேரம் இரவு 11:59:59 என்றால் யுடிசியில் 18:29:59.

கணினியை அடையாளம் காண்பது

மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) நம்பினால் யுஎஸ்பி வைஃபை குச்சியைக் கழற்றிய அன்று கணினி புதியதாகிவிடும். விபிஎன் போட்டாலும் அப்படியே. ஒரே அடையாளத்தைச் சார்ந்திராமல் மூன்றை எடுத்து, இரண்டு பொருந்தினால் அதே கணினி என்று கொள்ளவேண்டும். எந்த மூன்று என்பதில்தான் சூட்சுமம்.

முதலாவது, பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்) தரும் மதர்போர்டின் யுயுஐடி, அதாவது தனி அடையாள எண். இரண்டாவது, விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) கிரிப்டோகிராஃபி பகுதியில் உருவாகும் மெஷின் குயிட் என்ற அடையாள எண். மூன்றாவது, விண்டோஸ் இருக்கும் வட்டின் வன்பொருள் சீரியல் எண். கவனிக்க: சி டிரைவின் வால்யூம் சீரியல் எண் அல்ல. அசெம்பிள் செய்து தருபவர்கள் ஒரு கணினியில் விண்டோஸைத் தயார்செய்து, அதன் இமேஜை, அதாவது முழு நகலை, பத்துக் கணினிகளில் இறக்குவார்கள். இமேஜோடு மெஷின் குயிட்டும் வால்யூம் எண்ணும் சேர்ந்தே நகலாகும். மூன்றில் இரண்டாக அவற்றை வைத்திருந்தால் பத்துக் கடைக்கும் ஒரே ட்ரையல். இரண்டாவது கடைக்காரர் திறக்கும்போதே "காலம் முடிந்தது" என்று வரும். வட்டின் வன்பொருள் எண் இமேஜில் வராது.

இதே கணக்கை மற்ற சூழல்களுக்கும் போட்டுப் பாருங்கள். விண்டோஸை ஃபார்மேட் அடித்து மறுபடி போட்டால் குயிட் மாறும், போர்டும் வட்டும் அப்படியே: அதே கணினி. பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டால் இரண்டு மாறும்: புதிய கணினி. ட்ரையலில் இது பரவாயில்லை, இன்னொரு 45 நாள் போகட்டும். பணம் கட்டியவருக்கு மட்டும், லைசென்ஸைத் தானே மாற்றிக்கொள்ளும் பொத்தான் ஒன்று வேண்டும்.

மலிவான போர்டுகளில் யுயுஐடி முழுக்கச் சுழியமாகவோ முழுக்க எஃப் எழுத்தாகவோ வரும். சீரியல் எண் இருக்கவேண்டிய இடத்தில், தயாரிப்பாளர் நிரப்பவேண்டும் என்ற ஆங்கில வாசகமே அச்சாகி இருக்கும். இப்படிப்பட்ட குப்பை மதிப்புகளை ஹேஷ் செய்யும் முன்பே கழித்து, அந்த இடத்தை வெற்றாக விடவேண்டும். விட்டுவிட்டால் அந்தப் போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே ஹேஷ் வரும். ஒரு இடம் வெற்றாக இருந்தால் மீதி இரண்டும் பொருந்தவேண்டும்.

இன்னும் இரண்டு சிறு பொறிகள். 32-பிட் நிரலாக ஓடினால் ரெஜிஸ்ட்ரி உங்களை வேறு கிளைக்குத் திருப்பிவிடும், குயிட் கிடைக்காது. 64-பிட் பார்வையை வெளிப்படையாகக் கேட்டுத் திறங்கள். வட்டின் எண்ணுக்கு முன்னும் பின்னும் இடைவெளிகள் வரலாம்; வெட்டிவிட்டு எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிய பிறகே ஹேஷ் செய்யுங்கள்.

மூன்றையும் ஒட்டி ஒரே ஹேஷாக ஆக்கினால், ஒன்று மாறினாலும் மொத்தமும் மாறும். எனவே தனித்தனி ஹேஷ்கள். ஒவ்வொன்றின் முன்னும் உங்கள் தயாரிப்புக்கே உரிய ஒரு சொல்லைச் சேர்த்து ஷா-256 எடுங்கள். அசல் எண்கள் கடையை விட்டு வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை. மொபைல் எண்ணை எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைத் திரையிலேயே எழுதிவிடுங்கள்; 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் அதைத்தான்.

சர்வர் பக்கம்

ஒரு அட்டவணை போதும்: தயாரிப்பு, மூன்று ஹேஷ்கள், மொபைல் எண், தொடங்கிய நேரம், முடியும் நேரம், நீட்டித்த தடவை. நிரல் மூன்று ஹேஷ்களையும் தற்செயலான 16 பைட் எண் ஒன்றையும் அனுப்பும். சர்வர் பொருந்தும் கணினியைத் தேடும். இருந்தால் பழைய தேதிகளோடும், இல்லையென்றால் புது வரிசை போட்டும், கையொப்பமிட்ட கோப்பைத் திருப்பும். எத்தனை முறை கேட்டாலும் அதே தேதிகள்தான். ஆகவே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் ட்ரையல் புதிதாகத் தொடங்காது. ரெஜிஸ்ட்ரியில் ஆறு இடத்தில் ரகசியக் குறி ஒளித்து வைக்கும் பழைய வித்தையும் தேவைப்படாது. அந்த வித்தையை ஆன்டிவைரஸ் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அந்த 16 பைட் எண்ணைப் பதிலுக்குள்ளும் வைத்துக் கையொப்பமிடவேண்டும். இல்லையென்றால் பழைய பதில் ஒன்றைச் சேமித்து வைத்து மறுபடி ஊட்டலாம். சர்வரின் நேரத்தையும் இதே பதிலில் இருந்துதான் எடுக்கவேண்டும், ஹெச்டிடிபி தலைப்பில் இருந்து அல்ல.

தனிச் சாவி, நிரலின் மூலக்குறிமுறையை எல்லா மாற்றங்களோடும் சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்துக்குள் ஒருநாளும் போகக்கூடாது. ஒருமுறை போய்விட்டால், நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும்.

முதல்முறை திறக்கும்போது இன்டர்நெட் இல்லையென்றால் உள்ளூரிலேயே 7 நாள் கொடுங்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை இணைந்தால் 45 நாளுக்குமான கோப்பு வந்துவிடும், அப்புறம் இணைப்பே கேட்கவேண்டாம். இணைப்பே கிடையாது என்ற கடைக்கு, ஃபோனில் படித்துச் சொல்லும் சின்ன எண் ஒன்று கொடுக்கத் தோன்றும். கையொப்பம் மட்டுமே 64 பைட்; பேஸ்32-இல் எழுதினால் 103 எழுத்து. யாராலும் தட்ட முடியாது. திரையில் க்யூஆர் காட்டி, அவர் மொபைலில் ஸ்கேன் செய்து, லைசென்ஸ் கோப்பை வாட்ஸ்அப்பில் பெற்று, பென்டிரைவிலோ கேபிளிலோ ஏற்றட்டும். எட்டு எழுத்துக் குறியீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மறுபடி ஒற்றைச் சாவி முறைக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

கடிகாரம்

தேதியைப் பின்னால் தள்ளி ட்ரையலை நீட்டுவது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். அதைப் பிடிக்க, கடைசியாகக் கண்ட நேரத்தைச் சேமித்து ஒப்பிடுவதும் எல்லோரும் எழுதுவதுதான். அந்த ஒப்பீட்டை அவசரப்பட்டு எழுதினால் நல்லவர்கள் மாட்டுவார்கள்.

பேட்டரி தீர்ந்த போர்டு, கரன்ட் போய் வந்ததும் பயாஸின் பழைய தேதிக்குப் போய்விடும். கடைக்காரர் கையால் திருத்துவார். அவசரத்தில் 2026-க்குப் பதில் 2062 என்று அடித்துவிட்டால் நிரல் அதையே கடைசியாகக் கண்ட நேரமாக எழுதிக்கொள்ளும். அவர் தவறைத் திருத்திய நொடியில் 36 ஆண்டு பின்னால் போய்விட்டார் என்று நிரல் பூட்டிக்கொள்ளும். திறக்க வழியே இல்லை.

இப்படி எழுதுங்கள். நிரல் தயாரான தேதிக்கு முந்திய நேரத்தைக் கணினி காட்டினால் அது ஏமாற்று அல்ல, கெட்டுப்போன கடிகாரம். தேதியைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, சேமித்து வைத்த நேரத்தையே இன்றைய நேரமாகக் கொண்டு வேலை நடக்கட்டும். அப்படிப் போகும்போது, திறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு உட்பட்ட பின்னடைவைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அதற்கு மேல் போனால் சர்வரைக் கேளுங்கள். இணைப்பு இல்லையென்றால் மேலே சொன்ன அதே முறை. முன்னால் 60 நாளுக்கு மேல் தாவினால், சர்வர் உறுதி செய்யும்வரை அந்த நேரத்தைச் சேமிக்கக்கூடாது. சர்வரிடமிருந்து கையொப்பமிட்ட நேரம் ஒருமுறை வந்துவிட்டால் சேமித்த நேரத்தை, அது பின்னால் இருந்தாலும், அதற்கே மாற்றிவிடுங்கள். 2062 பூட்டுக்கு அதுதான் சாவி.

கடையில் மென்பொருளை மூடவே மாட்டார்கள். கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். திறக்கும்போது மட்டும் சரிபார்த்தால் ட்ரையல் மாதக்கணக்கில் ஓடும். மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஆனால் விளைவு புதிய பில் தொடங்கும்போது மட்டுமே வரவேண்டும். பாதி அடித்த பில்லை நிறுத்தக்கூடாது.

எங்கே சேமிப்பது

கையொப்பமிட்ட கோப்பை ஒளிக்கத் தேவையில்லை. மாற்றினால் உடையும், அவ்வளவுதான். புரோகிராம்டேட்டா கோப்புறையில் வையுங்கள். அங்கே ஒரு பயனர் உருவாக்கிய கோப்பை இன்னொரு சாதாரணப் பயனரால் இயல்பாகத் திருத்த முடியாது. காலையில் ஒரு கேஷியர், மாலையில் வேறொருவர் வேறு விண்டோஸ் கணக்கில் நுழைந்தால் கடைசி நேரத்தை எழுத முடியாமல் நிரல் விழும். உங்கள் கோப்புறைக்கான எழுதும் உரிமையை இன்ஸ்டாலரே கொடுத்துவிடவேண்டும்.

கடைசியாகக் கண்ட நேரத்தை மட்டும் விண்டோஸிலேயே வரும் குறியாக்க வசதியான டிபிஏபிஐ வழியாக, பயனர் அளவில் அல்லாமல் கணினி அளவில் குறியாக்கி வையுங்கள். நோட்பேடில் திறந்து மாற்றுபவரை அது தடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸ் மறுபடி போட்டபின் பழைய கோப்பைப் படிக்க முடியாது. படிக்க முடியாததைக் கோப்பு இல்லாததாகக் கருதி சர்வரைக் கேளுங்கள், திருட்டாகக் கருதாதீர்கள்.

காலம் முடிந்த பின்

பூட்டவேண்டியது புதிய பில், புதிய கொள்முதல் பதிவு. பார்க்க, அச்சிட, எக்செலில் எடுக்க, பேக்கப் எடுக்க, ரிட்டர்ன் கோப்பு எடுக்க எப்போதும் திறந்திருக்கவேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். அவருடைய கணக்கைப் பிணையாக வைத்துப் பணம் கேட்கும் மென்பொருளைப் பற்றி அவருடைய ஆடிட்டர் மற்ற எல்லாக் கடைகளுக்கும் சொல்லிவிடுவார். பில்லின் குறுக்கே "ட்ரையல்" என்று அச்சிடுவதும் வேண்டாம். அது அவருடைய வாடிக்கையாளர் கைக்குப் போகும் காகிதம்.

நினைவூட்டல் 10, 3, 1 நாள் மீதமிருக்கும்போது போதும். முகப்புத் திரையின் ஓரத்தில் காட்டுங்கள், பில் அடிக்கும் திரையில் குதிக்க விடாதீர்கள். 15 நாள் நீட்டிப்பு ஒருமுறை, கேட்டவுடன்: சர்வரில் முடியும் நேரத்தை மாற்றுங்கள், அவர் "லைசென்ஸைப் புதுப்பி" பொத்தானை அழுத்தட்டும்.

குறிமுறையில் "ட்ரையலா?" என்று நாற்பது இடத்தில் கேட்காமல், உரிமைகளைச் சொல்லும் ஒரே பொருளை உருவாக்கி, "புதிய பில் போடலாமா?", "எத்தனை கணினி?" என்று அதனிடம் கேளுங்கள். ஒரே இடம் என்பதால் ஒரு வரியை மாற்றி உடைத்துவிடலாமே என்றால், ஆம், உடைக்கலாம். டாட்நெட் நிரலை யாரும் முழுதாகக் காக்க முடியாது. அதற்காக, நிரலைச் சுருட்டி மறைக்கும் கடுமையான பேக்கர்களைச் சுற்றினால் ஆன்டிவைரஸ் உங்கள் எக்ஸியையே தூக்கி எறியும். வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது, ஆன்லைன் பேக்கப் போல உங்கள் சர்வர் வழியாகப் போகும் வசதிகளில் லைசென்ஸை சர்வரிலேயே சரிபாருங்கள். உடைத்தவனுக்கு அவை கிடைக்காது.

வெளியிடும் முன் சோதனை

நேரத்தை நேரடியாகக் கணினியிடம் கேட்காமல் டாட்நெட் 8-இன் டைம்புரொவைடர் (சோதனையில் போலி நேரம் ஊட்ட உதவும் வகுப்பு) வழியாக வாங்கினால், கணினித் தேதியைத் தொடாமலே 45 நாளை ஒரு விநாடியில் ஓட்டலாம். கட்டாயம் ஓட்டவேண்டியவை: 45-ஆம் நாள் இரவு 11:59, அடுத்த நிமிடம்; பிப்ரவரி 29; தேதியை 2062-க்குக் கொண்டுபோய்த் திருப்புவது, இணைப்போடும் இணைப்பின்றியும்; நிரல் தயாரான தேதிக்கு முந்திய கடிகாரம்; ஆங்கில அமெரிக்க, தமிழ், தாய்லாந்து மொழி அமைப்புகளில் தேதி (தாய்லாந்தில் பௌத்த ஆண்டு என்பதால் 543 கூடும், உரையாக எழுதிய தேதி எங்காவது மிச்சம் இருந்தால் இதில் மாட்டும்); இரண்டு விண்டோஸ் பயனர்கள் மாறி மாறி; ஒரே இமேஜில் இருந்து வந்த இரண்டு கணினிகள்; கையொப்பத்தில் ஒரு பைட் மாற்றிய கோப்பு; பாதியில் நின்றுபோன, சுழிய பைட் கோப்பு. கரன்ட் போகும் ஊரில் கடைசிச் சோதனையைத் தவறவிடவேண்டாம்: எழுதும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, அது வட்டில் முழுதாக இறங்கிய பிறகு (ஃப்ளஷ்) பெயரை மாற்றினால் சுழிய பைட் சிக்கல் பெரும்பாலும் வராது.

ஒவ்வொரு மறுப்புக்கும் தனி எண் கொடுத்து, திரையிலும் பதிவுக் கோப்பிலும் காட்டுங்கள். "லைசென்ஸ் பிழை" என்று மட்டும் ஃபோனில் சொன்னால், கையொப்பமா, கடிகாரமா, கணினி மாறியதா என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் போகும். "எண் 31 காட்டுது" என்றால் தேதியைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடலாம்.